தாழியின் வயதை நெல் சொல்லும்

ஒன்பதாம் வகுப்பில் முதுமக்கள் தாழி பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “தாழியைக் கார்பன் சோதனைக்கு அனுப்பி அதன் காலத்தைக் கண்டறிவார்கள்” என்றேன். “மண்ணுக்கு ஏது சார் உயிர்? உயிரோடு இருந்த பொருளுக்குத்தானே அந்தச் சோதனை?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதிகம் பேசாத பிள்ளை. பல ஆண்டுகளாக நான் சொல்லிவந்தது தவறு என்பது அப்போதுதான் உறைத்தது. “நாளை சொல்கிறேன் அம்மா” என்றேன். அன்று இரவு படித்துத் தெளிந்தேன்.

மறுநாள் என் தவற்றைச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். உயிருள்ளவை கார்பன்-14ஐ ஏற்றுக்கொண்டே இருக்கும். இறந்தபின் அது குறையத் தொடங்கி, சுமார் 5,730 ஆண்டுகளில் பாதியாகும். சுட்ட மண்ணில் இந்தக் கணக்கைப் பார்க்க முடியாது; தாழிக்குள் இருக்கும் நெல், உமி, கரி ஆகியவற்றில் பார்க்கலாம். பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில், ஈமச்சின்னத்தில் வைத்திருந்த நான்கு கால் ஜாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த உமி கி.மு. 1155ஐக் காட்டியதாக 2021இல் அறிவிக்கப்பட்டது.

பானையையே சோதிக்கவும் வழி உண்டு. சூளையில் சுடும்போது மண்ணிலுள்ள படிகத் துகள்களில் சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேறிவிடும். பிறகு இயற்கைக் கதிர்வீச்சால் மீண்டும் சிறிது சிறிதாகச் சேரும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அது ஒளியாக வெளிப்படும். அந்த ஒளியை அளந்து பானை சுடப்பட்ட காலத்தைக் கணிப்பதே வெப்ப ஒளிர்வு முறை.

பிறகு ஒரு செயல்பாடு. பானை ஓடு, நெல், அடுப்புக்கரி, கல்மணி ஆகியவற்றை மேசையில் வைத்து, “எதைக் கார்பன் சோதனைக்கு அனுப்பலாம்?” என்று கேட்டேன். நெல்லையும் கரியையும் சரியாக எடுத்தார்கள். “நெல்லை எலி பிற்பாடு கொண்டுபோய் வைத்திருந்தால்?” என்றான் ஒருவன். அருமையான கேள்வி! அதனால்தான் கலையாத, மூடிய தாழியிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். கரி பழைய மரத்தினுடையதாக இருந்தால் அடக்கம் நடந்ததைவிட முந்தைய காலத்தைக் காட்டும். நெல் ஒரு பருவத்துப் பயிர் என்பதால் அந்தப் பிழை நேராது.

இப்போது பாடக்குறிப்பில் ஒவ்வொரு ஆண்டின் அருகிலும் “எப்படித் தெரியும்?” என்று எழுதிக்கொள்கிறேன். நீங்களும் எழுதிப் பாருங்கள். ஆண்டை மனப்பாடம் செய்யும் வகுப்பு, சான்றைக் கேட்கும் வகுப்பாக மாறும்.