குழந்தைகளும் நிழற்படமும்

நம் நாட்டு இல்லங்கள் பலவற்றின் கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துள் அமைந்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தொங்குவதைக் காணலாம். நடுவில் நாற்காலியில் வீற்றிருக்கும் பெரியவர். அவர் காலடியில் வரிசையாக அமர்ந்த சிறுவர் சிறுமியர். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. "கண்களை அகல விழித்துக்கொண்டிருக்கும் இச்சிறுவன் யார்?" என்று வினவினால், "அவன்தான் உன் பாட்டனார்" என்று விடை வரும். என்றோ கழிந்த ஒரு கணம் இன்றும் சுவரில் வாழ்கின்றது. ஆயினும், பல குழந்தைகளை ஒருங்கே அமர்த்திப் படம் எடுப்பது எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பிரெஞ்சு நாட்டினரான தாகேர் என்பார் கண்ட நிழற்பட முறை 1839 ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டின்மேல் ஒளி பல நிமிடங்கள் விழுந்தாலன்றி உருவம் பதியாது. 1838 இல் அவர் பாரிசு நகரத் தெரு ஒன்றைப் படம் எடுத்தார். பட்டப்பகலில் எடுத்த படமாயினும் அத்தெரு வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றுகின்றது. ஓடிய வண்டிகளும் நடந்த மக்களும் தகட்டில் தங்கவில்லை. தம் காலணிக்கு மெருகிடச் செய்துகொண்டு, ஓரிடத்தில் அசையாது நின்ற ஒருவருடைய உருவமே தெளிவாகப் பதிந்தது. அசைவது மறையும், அசையாதது நிலைக்கும் என்பதே அக்காலக் கருவியின் நியதி. அந்நியதிக்கு அடங்காதவர் உலகில் உண்டெனின், அவர் குழந்தைகளே அல்லரோ?

1851 இல் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் ஈரத்தட்டு முறையை வெளியிட்டார். நிமிடங்கள் நொடிகளாகச் சுருங்கின. எனினும், கைக்குழந்தை ஒன்று பத்து நொடி அசையாதிருத்தல் அரிதன்றோ? இதற்கு மேனாட்டார் ஒரு வழி கண்டனர். தாய், தலைமுதல் கால்வரை துணியால் தன்னைப் போர்த்திக்கொண்டு நாற்காலிபோல் அமர்ந்திருப்பாள். அவள் மடியில் குழந்தை இருக்கும். தாயின் கை தன்னைத் தாங்குவதை உணர்ந்து, அஃது அமைதி கொள்ளும். இத்தகைய படங்கள் பல இன்றும் உள்ளன. குழந்தையின் முகம் விளங்குகின்றது. அதனைத் தாங்கிய தாயோ துணிக்குள் மறைந்து நிற்கின்றாள்.

பின்னர்க் கருவி விரைந்து வளர்ந்தது. 1871 இல் மாடக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் உலர்தட்டு முறைக்கு வழிகாட்டினார். 1900 இல் அமெரிக்காவில் சிறுவரும் கையாளத்தக்க 'பிரௌனி' என்னும் கருவி ஒரு டாலர் விலைக்கு வந்தது. இன்று நம் கைப்பேசி, நல்ல வெளிச்சத்தில், ஒரு நொடியின் 250 இல் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் உருவத்தைப் பற்றிக்கொள்கின்றது. கருவி மாறிவிட்டது, குழந்தை மாறவில்லை. இதனை நான் சென்ற பொங்கல் நாளில் உணர்ந்தேன்.

அன்று என் தமையனார் இல்லத்தில் உடன்பிறந்தார் அனைவரும் கூடியிருந்தோம். எங்கள் மக்கள் ஒன்பதின்மர். மூத்தவளுக்கு வயது பதினொன்று, இளையவனுக்கு ஒன்றரை. அனைவரையும் ஒரே படத்தில் எடுத்துவிட விரும்பி, நண்பகலில் முற்றத்தில் நிறுத்தினேன். வெயில் கண்ணைக் கூசச் செய்தது. "நேராக நில்! சிரி!" என்று நான் ஆணையிட்டேன். அவர்தம் தாயர் நான்கு திசைகளில் நின்று அழைக்க, குழந்தைகள் நான்கு திசைகளிலும் நோக்கினர். இளையவன் வீறிட்டழுதான். ஒரு படமும் தேறவில்லை.

என் அன்னையார் வந்து, "பிள்ளைகளை ஏனப்பா வெயிலில் வாட்டுகிறாய்? முதலில் உண்ணட்டும், சற்று உறங்கட்டும். படம் எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார். குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பதை நான் மறந்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்குத் திண்ணையில் பாய் விரித்தோம். அங்கே நிழலும் இருந்தது. தெருவினின்று மென்மையான ஒளியும் வந்தது. மூத்தவள் நடுவில் அமர்ந்து இளையவனை மடியில் வைத்துக்கொண்டாள். முகங்கள் யாவும் கருவியினின்று ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்குமாறு ஏனையோர் நெருங்கி அமர்ந்தனர். ஓரத்து முகங்கள் அகன்று தோன்றாமலிருக்க, நான் சில அடிகள் பின்வாங்கி, அவர்கள் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து அமர்ந்தேன். அன்னையார் ஒருவர் மட்டுமே என் தோளுக்குப் பின்னால் நின்று கதை சொல்லத் தொடங்கினார். ஒன்பது இணைக் கண்களும் ஒரே இடத்தில் நிலைத்தன.

ஒரே படத்தோடு நிறைவு கொள்ளுதல் கூடாது. ஆத்திரேலிய நாட்டு ஆய்வாளர் இருவர் இதனைக் கணக்கிட்டு, 2006 இல் வேடிக்கை ஆய்வுகளுக்கென வழங்கப்படும் 'இக் நோபெல்' பரிசு பெற்றனர். இருபதின்மருக்குக் குறைந்த குழுவாயின், நல்ல ஒளியில் தலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, அத்தனை படங்கள் எடுத்தல் வேண்டும். மங்கிய ஒளியில் இரண்டால் வகுத்தல் வேண்டும். அங்ஙனம் எடுப்பின், ஒருவரும் கண் இமைக்காத படம் ஒன்றேனும் பெரும்பாலும் கிட்டும். எங்கள் ஒன்பதின்மருக்கு மூன்று படங்கள் போதும். ஆனால், குழந்தைகள் இமைப்பதோடு நில்லாமல் திரும்பவும் எழவும் செய்வர். ஆதலின் நான் இருபதுக்கு மேல் எடுத்தேன். கதையில் நரி கிணற்றில் விழுந்த கணத்தில் எடுத்த படமே சிறந்து விளங்கியது.

இரவில் அப்படத்தைக் கண்டு யாவரும் மகிழ்ந்தோம். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் உற்று நோக்கி, "பாட்டி எங்கே?" என்று வினவினாள். ஒருவரும் விடை கூறவில்லை. அன்று எடுத்த படங்களைத் தேடினோம். எதிலும் அன்னையார் இல்லை. சென்ற ஆண்டுப் படங்களைத் தேடினோம், அவற்றிலும் இல்லை. குழந்தைகளைச் சிரிக்கச் செய்தவர் அவர். அச்சிரிப்பைப் பார்ப்போர் எவரும் அவரைக் காணார். துணிக்குள் மறைந்த அத்தாயின் நினைவு எனக்கு எழுந்தது. மறுநாட் காலையில், "எனக்கெதற்கப்பா படம்?" என்று மறுத்தவரை அழைத்து, அதே திண்ணையில், குழந்தைகளின் நடுவில் அமர்த்தினோம். இம்முறை கதை சொல்லும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. அப்படமே இன்று எங்கள் கூடத்தில் உள்ளது.

மாணவர்களே! இனி உங்கள் வீட்டில் கருவியை ஏந்துவோர் நீங்களாகவே இருத்தல் கூடும். குழந்தைகளிடம் ஆணையிடாதீர்கள், அவர்தம் பசியையும் உறக்கத்தையும் அறிந்து காத்திருங்கள். எடுத்த படத்தில் பெயர்களையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். கருவியை எடுத்து வைக்குமுன் ஒருமுறை சுற்றிலும் நோக்கி, படத்திற்கு வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள். அவரையும் அழைத்து, நடுவில் அமரச் செய்யுங்கள்.

பயிற்சி

1. 1838 இல் எடுத்த பாரிசு நகரத் தெருவின் படத்தில் மக்கள் காணப்படாமைக்குக் காரணம் யாது?
2. ஈரத்தட்டு முறைக் காலத்தில் தாயர் துணியால் தம்மைப் போர்த்திக்கொண்டது ஏன்?
3. நண்பகலில் எடுத்த படங்கள் தேறாமைக்கும், மாலையில் எடுத்த படம் சிறந்தமைக்கும் காரணங்கள் கூறுக.
4. பன்னிரு குழந்தைகளை மங்கிய ஒளியில் படம் எடுப்பின், எத்தனை படங்கள் எடுத்தல் வேண்டும்?
5. உங்கள் இல்லத்தில் உள்ள பழைய குடும்பப் படம் ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.