படத்தில் இல்லாத பாட்டு

மிங்கலா தாங்ஞுன்ட்,
ரங்கூன்.

அன்புள்ள பேத்திக்கு,

இளையராஜாவை போனில் கேட்டுக்கொண்டிருந்த நீ, இப்போது கேசட்டும் இசைத்தட்டும் தேட ஆரம்பித்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். அன்றிரவே என் கேசட் பீரோவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன்.

1964இல் இங்கிருந்து கப்பலேறிய என் அக்கா, பிறகு சென்னை பர்மா பஜாரில் கடை போட்டாள். யாராவது ரங்கூன் வந்தால் ஒன்றிரண்டு கேசட் கொடுத்தனுப்புவாள். எல்லாம் ரெக்கார்டிங் கடையில் பதிந்தவை. 'நிழல்கள்' (1980) அப்படித்தான் வந்தது. படத்தில் வரும் பாட்டுகளை மட்டும் ஏற்றி, மிச்ச நாடாவில் வேறு படப் பாட்டுகளை நிரப்பியிருந்தார் கடைக்காரர். இருபது வருஷம் கழித்து அசல் தட்டு கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது, எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டு தட்டில் உண்டு, படத்தில் கிடையாது. ஜானகி குரல் என்றால் உயிரை விடும் நான், அத்தனை வருஷம் அதைக் கேட்காமலே இருந்திருக்கிறேன். இப்போதும் மனசு ஆறவில்லை.

அதனால் ஹிட் பாட்டாகப் பொறுக்காதே. படம் படமாகச் சேர். அட்டையைத் தொலைக்காதே. பாடியவர் யார், எழுதியவர் யார், எந்தப் பக்கத்தில் எது என்பதை ஒரு நோட்டில் குறித்து வை. சினிமா அடுக்கிலேயே தேடிக்கொண்டிருந்தால் 'ஹவ் டு நேம் இட்' (1986) தப்பிவிடும். அது படமே இல்லாத இசை. தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாகுக்கும் இளையராஜா செய்த காணிக்கை. பின்னணி இசைக்கோ படத்தைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் தட்டில் ஏறவில்லை.

நம் ஊர் மழைதான் கேசட்டுக்கு எமன். பழைய கேசட் கிடைத்ததும் பிளேயரில் போட்டுவிடாதே. வெளிச்சத்தில் பிடித்து நாடாச் சுருளின் ஓரத்தைப் பார். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமாக இருந்தால், பல்சக்கரத்தில் பென்சிலை விட்டு மெதுவாகச் சுற்றி, நாடா சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள். நாடாவுக்குப் பின்னால் சுண்டுவிரல் நகத்தளவு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது உதிர்ந்திருந்தால் பாட்டு மங்கலாகக் கேட்கும். பயப்படாதே, நாடா கெடவில்லை. ஐந்து திருகாணியைக் கழற்றி, இரண்டு சுருளையும் அப்படியே வேறு கூட்டுக்கு மாற்றினால் போதும்.

ஓடியதும் முதல் வேலையாகப் பக்கம் முழுக்க நிறுத்தாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடு. பாட்டு பாட்டாக வெட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு வரும்போது கேசட்டுகளை எடுத்து வா. சின்னத் திருப்புளி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
தாத்தா