நுண்பொருளில் வெப்பம்

அண்ணாகிராமம் போன்ற சிற்றூர்களில், கொதிக்கும் குழம்பைக் கிளற மரக்காம்பு பொருத்திய அகப்பையை நம் முன்னோர் கையாண்டனர். இரும்புக் கரண்டியாயின் அதன் காம்பு விரைவில் கையைச் சுடும். வெப்பம் இரும்பின் வழியே விரைந்தும், மரத்தின் வழியே மெல்லவும் செல்வதே இதற்குக் காரணம். இவ்வியல்பை வெப்பங்கடத்துதிறன் என்பர்.

இத்திறனை அளப்பது எவ்வாறு? பொருளின் ஒரு முனையைச் சூடாக்கி, அதன் வழியே பாயும் வெப்பத்தின் அளவையும், இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டையும் காணுதல் வேண்டும். சொல்லுதல் எளிது, செய்தல் அரிது. ஏனெனில், வெப்பம் பக்கங்களின் வழியே காற்றிற் கசியும். கதிராக வீசியும் அகலும்.

இவ்விடர்ப்பாட்டை ஆராய்ந்தவருள் ஒருவர், வத்திராயிருப்பிற் பிறந்த அறிஞர் கே. எஸ். கிருஷ்ணன் (1898–1961) ஆவார். புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவரே. 1950-களில் அவரும் எஸ். சி. ஜெயினும், வெற்றிடத்தில் மின்னோட்டத்தாற் சூடேறும் மெல்லிய கம்பியின் வெப்பநிலை, நடுவிலிருந்து முனை வரை எவ்வாறு குறைகிறது என்பதைக் கணக்கிட்டனர். வெற்றிடமாதலின் காற்றால் இழப்பில்லை. கதிர்வீச்சால் நேரும் இழப்பைக் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர். இவ்வழியே உயர்ந்த வெப்பநிலையிலும் கடத்துதிறனை அறிய இயன்றது.

இன்று அளக்க வேண்டிய பொருள்களோ கண்ணுக்குப் புலனாகாதவை. மீட்டரை நூறு கோடி கூறிட்டால் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். 2003-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்கிலியில் இந்தியாவிற் பிறந்த அருண் மசூம்தாரும் அவருடன் உழைத்தோரும் 22 நானோமீட்டர் தடிப்புள்ள சிலிக்கன் கம்பியை ஆராய்ந்தனர். வெற்றிடத்தில், மெல்லிய கால்களில் தொங்கும் இரு நுண்திட்டுகளுக்கிடையே அதனைப் பாலம்போல் வைத்தனர். ஒரு திட்டைச் சூடாக்கினர். மற்றொன்று அடைந்த வெப்பத்தை அதன்மீதிருந்த பிளாட்டினக் கம்பியின் மின்தடை மாற்றத்தால் அறிந்தனர்.

விளைவு வியப்புக்குரியது. பெரிய சிலிக்கன் கட்டியின் திறனில் பத்தில் ஒரு பங்குகூட அக்கம்பிக்கு இல்லை! சிலிக்கனில் அணுக்களின் அதிர்வுகளே வெப்பத்தைச் சுமந்து செல்கின்றன. அகன்ற தெருவில் விரையும் கூட்டம் குறுகிய சந்தில் சுவரில் மோதித் தயங்குவதுபோல, அவ்வதிர்வுகள் கம்பியின் மேற்பரப்பில் மோதிச் சிதறுகின்றன.

இதனால் தீமையும் உண்டு, நன்மையும் உண்டு. கைப்பேசியின் சில்லுகளில் வெப்பம் வெளியேறாது தேங்கின் அவை பழுதுறும். வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் கருவிகளுக்கோ குறைந்த கடத்துதிறனே ஏற்றது. ஆதலின், பெரியதிற் கண்டது சிறியதிலும் பொருந்தும் என்று எண்ணிவிடாது, அளந்து அறிந்து துணிதலே அறிவியல் நெறியாகும்.