அஞ்சுவோரை நிலைநிறுத்தல்

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவதாகிய ஸ்திதிகரணத்தை, அறத்தினின்று வழுவுவோரை மீண்டும் நிலைநிறுத்துதல் என்று கற்கிறோம். ஓயாத அச்சத்தால் நிலைகுலைந்த நம் வீட்டார்க்கும் அது பொருந்தும் என்பது நம் கருத்து.

அச்சம் மோகனீய வினையின்பாற்பட்டது. அதனால், "வினைப்பயன், பட்டே தீர வேண்டும்" என்று மருத்துவரை நாடாதிருத்தல் பிழை. காய்ச்சலும் வினைப்பயனே; அதற்கு மருந்துண்ணாதார் யார்?

அடுத்த வீட்டார் தீங்கு சூழ்வதாகக் கருதி, தாழிட்ட கதவை மீண்டும் மீண்டும் தாழிடுகிறார் தந்தையார் எனக் கொள்வோம். "அப்படி ஒன்றுமில்லை" என்று வழக்காடினால் ஐயம் நம்மேலும் படரும். "ஆம்" என்றாலோ பொய். நூல்கள் எண்ணும் ஏழு அச்சங்களுள் இது காப்பின்மை அச்சத்திற்கு அண்மையது. ஆகவே, "உங்களுக்கு அச்சமாயிருப்பது தெரிகிறதப்பா, நாங்கள் உடனிருக்கிறோம்" என்பதே மெய்யும் மருந்துமாம்.

சில வீடுகளில் மாத்திரையை உணவில் மறைத்துக் கலக்கின்றனர். சத்தியத்திற்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, தெரிந்துவிட்டால் அவர் உணவையே அஞ்சுவார். சொல்லியே கொடுத்தல் வேண்டும். முழுப்பயன் தெரியச் சில வாரங்களாகும். இரவுண்ணா விரதத்தின் பொருட்டு இரவு மாத்திரையைத் தாமாக நிறுத்துதல் கூடாது. அந்திக்கு முன் கொள்ளலாமா என மருத்துவரைக் கேட்க வேண்டும். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில் தமிழிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

ஐந்தாம் அங்கமாகிய உபகூஹனமும் இங்கு வேண்டும். ஜினாலயத்தில் பூசை முடிந்து கூடிநிற்கையில் அவர் நிலையைப் பேச வேண்டா. அவர் செவிக்கு எட்டும். மருத்துவரிடம் மறைப்பது மட்டும் உபகூஹனமாகாது.