சாலை மறியலும் வாக்காளர் பட்டியலும்

மாணவர்க்கு அரசியல் எதற்கு என்று கேட்போர் 1965ஆம் ஆண்டை மறந்துவிடுகின்றனர். அன்று இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன், 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் வென்றார். நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர். 1965இலோ எதிர்ப்போர் பக்கம் நின்றார். அந்த மாற்றம் எனக்கு இன்றும் வியப்பே.

இன்று நம் பகுதி இளைஞரைத் தெருவுக்கு அழைப்பது எது? 2023 பிப்ரவரி 2ஆம் நாள், கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதென்று இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தனர். பல மணி நேரம் வாகனங்கள் நின்றன. கல்வீச்சும் நடந்தது, அதை நான் ஏற்கவில்லை. ஆனால் அத்தனை பேர் ஒப்பந்தக் கூலிக்காக ஏன் திரள்வதில்லை? எருது விழாவுக்கு ஊர் உண்டு, உறவு உண்டு, கூட வளர்ந்த நண்பர் உண்டு. சிப்காட் தொழிலாளிக்கோ ஆளுக்கொரு ஷிப்டு, ஆளுக்கொரு ஊர். வாய் திறந்தால் நாளை வேலை இருக்குமா என்ற அச்சம் வேறு.

இவர்களுக்கு எஞ்சியிருப்பது வாக்கு. 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் 1989 முதல் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் என ஆண்டுக்கு நான்கு முதல் தேதிகளைத் தகுதி நாளாகக் கொண்டு இப்போது பெயர் சேர்க்கலாம். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். சொந்த வீடு தேவையில்லை, வாடகை அறையே போதும். இதை அறிந்தோர் சிலரே.

பத்தாம் வகுப்போடு நின்ற என் அண்ணன் ஓசூரில் இரு நண்பர்களுடன் ஓர் அறையில் தங்கி ஒப்பந்த வேலை பார்க்கிறார். மூவர் பெயரும் சொந்த ஊர்ப் பட்டியலில் உள்ளன. 2024 ஏப்ரல் 19 அன்று ஒருவர் மட்டுமே ஊர் சென்று வாக்களித்தார். மற்ற இருவருக்கும் பேருந்துக் கட்டணமும் தூக்கமும் பெரிதாகப்பட்டன.

எங்கள் வீட்டில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவனே. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8ஐ எடுத்துச் சென்றேன். "ஊர்ல பேரை எடுத்துட்டா ரேஷன் கார்டும் போயிடும்டா தம்பி" என்றார் அண்ணன். இரண்டும் வெவ்வேறு என்று விளக்கினேன். நண்பர் ஒருவர் உடனே கையெழுத்திட்டார். அண்ணனின் படிவம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. வரும் ஞாயிறும் செல்வேன்.