பொங்கலுக்குப் பின் சேர்ந்த குழந்தைக்கு வேலை நாள் எத்தனை?

மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டை முடிக்கும்போது வேலை நாள்களை எப்படி எண்ணுகிறோம்? நாள்காட்டியை மேசையில் விரித்து, விரல் வைத்து எண்ணிவிடுவோம். வகுப்பு முழுமைக்கும் ஒரே எண் என்றால் அதுவே போதும். நடுவில் வந்து சேரும் குழந்தைக்கு அது போதாது.

ஒருமுறை பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள், செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி என் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். மாத இறுதியில் அவளது வருகை 44 சதவீதம் என்று எழுதினேன். ஒழுங்காக வராதவர்கள் பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. உண்மையில் அவள் வராதது ஒரே ஒரு நாள். சேருவதற்கு முன்பு நடந்த நாள்களையும் அவள் கணக்கில் நான்தான் ஏற்றியிருந்தேன். கல்வியாண்டு தொடங்கிய பின் வந்தாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. சேர்த்துக்கொண்டு, பிறகு கணக்கில் தண்டிப்பது என்ன நியாயம்?

இதை உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் உள்ள அட்டவணைச் செயலியிலேயே சரிசெய்யலாம். 2024 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். 31இலிருந்து 1ஐக் கழித்தால் 30 வரும். மாதத்தில் இருப்பதோ 31 நாள். வெறும் கழித்தலில் ஒரு நாள் தொலைந்துவிடும். ‘நெட்வொர்க்டேஸ்’ என்னும் செயற்கூறு முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணும். சனி, ஞாயிறுகளைத் தானே விட்டுவிடும். அதன்படி ஜனவரிக்கு 23 நாள்.

அரசு விடுமுறை அதற்குத் தெரியாது. ஜனவரி 1, 15, 16, 17, 25, 26 ஆகிய ஆறு தேதிகளையும் எஃப்2 முதல் எஃப்7 வரையிலான நுண்ணறைகளில் நாம்தான் எழுத வேண்டும். தொடக்கத் தேதி பி2இலும் இறுதித் தேதி சி2இலும் இருந்தால் வாய்ப்பாடு:

=நெட்வொர்க்டேஸ்(பி2,சி2,$எஃப்$2:$எஃப்$7)

(கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.) விடை 17. டாலர் குறிகளை விட்டுவிட்டு வாய்ப்பாட்டைக் கீழே இழுத்தால், ஒவ்வொரு மாணவருக்கும் விடுமுறைப் பட்டியல் ஒரு வரி நழுவும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் மாறியிருக்கும். நானே இரண்டு மாதம் ஏமாந்தேன். புயல், மழை விடுமுறைகளையும் இதே பட்டியலில் அன்றன்றே எழுதிவிடுங்கள். மிக்ஜாம் புயலுக்காக 2023 டிசம்பர் 4, 5 நம் மாவட்டத்தில் விடப்பட்டது போன்றவை எந்த நாள்காட்டியிலும் அச்சாகியிருக்காது. பட்டியல் நீண்டால் வாய்ப்பாட்டில் உள்ள 7ஐயும் மாற்ற வேண்டும்.

சிக்கல் சனிக்கிழமையில்தான். எல்லாச் சனியும் பள்ளி உண்டு என்றால், ‘ஐஎன்டிஎல்’ என்று முடியும் வகையில் 11 என்ற குறியீட்டைக் கொடுத்து ஞாயிறை மட்டும் விடலாம். அப்படிச் செய்தால் 21 வரும். நமக்கோ சில சனி உண்டு, சில இல்லை. ஆகவே பள்ளி நடந்த சனிகளை மட்டும் ஜி நெடுவரிசையில் தனியே எழுதி, அந்தக் குழந்தையின் தேதிகளுக்குள் வருபவற்றைக் ‘கவுன்ட்இஃப்ஸ்’ கொண்டு எண்ணிக் கூட்டுகிறேன். ஜனவரி 20 மட்டும் பள்ளி நடந்ததாக வைத்தால், மாதத்துக்கு 17 + 1 = 18.

இப்போது பி2இல் மாதத்தின் முதல் நாளுக்குப் பதில் சேர்ந்த தேதியான ஜனவரி 18ஐ இடுங்கள். 8 + 1 = 9 நாள். சிறுமி வந்தது 8 நாள். 18ஆல் வகுத்தால் 44 சதவீதம், 9ஆல் வகுத்தால் 89.

தேதியைத் தட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். 18.01.2024 என்று புள்ளி வைத்து எழுதினால் சில கணினிகள் அதை வெறும் எழுத்தாகவே கொள்ளும். நுண்ணறையில் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் எழுத்து, வலப்பக்கம் நின்றால் தேதி. 04-01-2024 ஏப்ரல் 1 ஆகிவிடுவதும் உண்டு. மாதப் பெயர் தெரியும்படி வடிவமைத்துக்கொண்டால் உடனே கண்ணில் படும்.

திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலேயே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டில் வாரிய உறுப்பினரின் பணிக்காலம் 360 நாள் என்று இருக்கிறது. சனி, ஞாயிறு கழிக்கும் தொல்லை அவர்களுக்கு இல்லை! நமக்கு ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 200, ஆறு முதல் எட்டுக்கு 220 வேலை நாள் என்று சட்டமே சொல்கிறது. ஜூன் முதல் தேதியைத் தொடக்கமாக இட்டு அதே வாய்ப்பாட்டை மாதாமாதம் ஓட்டினால், எத்தனை நாள் குறைகிறது என்பது பிப்ரவரியிலேயே தெரிந்துவிடும்.

அந்தச் சிறுமியின் வரியில் 44ஐ அடித்து, மேலே 89 என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டேன். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லித் தலைமையாசிரியர் அம்மாவிடம் தாளை நீட்டியபோது அவர் கேட்டார்: “மற்ற வகுப்புகளில் நடுவில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சார்?”