ஒரே குரோமியம், வேறு வேறு நிறம்

"குரோமியத்தின் நிறம் என்ன?" என்று ஆம்பூர்ப் பக்கத்துப் பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிக்காமல் "நீலம்" என்பார்கள். டேனரிகளில் 'வெட் ப்ளூ' தோலைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். அந்த விடையிலிருந்தே நான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

மேசைமேல் மூன்று பொருள்கள் வைப்பேன்: மூடி ஒட்டிய உறைக்குள் ஒரு வெட் ப்ளூ துண்டு, மூடிய குப்பியில் பச்சை குரோமியம் ஆக்சைடு, நகைக்கடையில் வாங்கிய செயற்கை மாணிக்கம். மூன்றிலும் இருப்பது +3 நிலைக் குரோமியமே. பிறகு ஏன் ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு?

மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு, நம் 'குருந்தம்'. அதன் ஆங்கிலப் பெயரே இந்தச் சொல்லிலிருந்து போனதுதான். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூயில் 1902-இல் வெளியிட்ட முறையில், அலுமினாத் தூளுடன் சிறிது குரோமியம் ஆக்சைடு கலந்து, ஆக்சிஜன் - ஹைட்ரஜன் சுடர் வழியே தூவுவார்கள். ஏறத்தாழ 2050 டிகிரி செல்சியஸில் தூள் உருகி, கீழே படிகமாக வளரும். சின்ன அலுமினிய அயனியின் இடத்தில் சற்றே பெரிய குரோமியம் அயனி நெருக்கியடித்து உட்காருகிறது. (மூவர் இருக்கையில் நான்காமவர் என்றால் வகுப்புக்குப் புரிந்துவிடும்.) அந்த நெருக்கத்தில் அது பச்சையையும் ஊதாவையும் உறிஞ்சிச் சிவப்பை விட்டுவிடுகிறது. குரோமியத்தை மிக அதிகமாகக் கூட்டினால் நெருக்கம் தளர்ந்து நிறம் சாம்பலாகி, பிறகு பச்சையாகும்.

சூளையின் காற்றும் நிறத்தை மாற்றும். இலங்கையின் 'கெவுடா' என்னும் பால்நிறக் குருந்தக் கற்களுக்கு ஒரு காலத்தில் மதிப்பில்லை. ஆக்சிஜன் குறைந்த சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டால், உள்ளிருக்கும் இரும்பு +3-இலிருந்து +2 ஆகி, டைட்டேனியத்துடன் சேர்ந்து நீலம் தருகிறது. ஆக்சிஜன் மிகுந்தால் நீலம் வெளுக்கும்.

இதே வேதியியல்தான் நம் வட்டாரத்திலும். குரோமைட் தாதுவைச் சோடாவுடன் காற்றில் வறுத்தால் +6 நிலை மஞ்சள் குரோமேட். அதிலிருந்து பெறும் டைகுரோமேட்டை அமிலத்தில் கரும்பாலைக் கழிவுப்பாகு கொண்டு ஒடுக்கினால் மீண்டும் +3. டேனரிகளில் பயன்படும் குரோம் உப்பு. +6 நிலை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் மக்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க தெருவுல தோல் வேஸ்ட்டை அடுப்புல எரிக்கிறாங்க. அதுவும் காத்துலதானே எரியுது?" பாடநூலில் இல்லாத, ஆனால் மிகச் சரியான கேள்வி. குரோம் தோலைக் காற்றில் எரித்தால் +3-இல் ஒரு பகுதி +6 ஆகிச் சாம்பலில் தங்கலாம். அதை எரிக்கக் கூடாது, அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்கக் கூடாது, செடிக்கும் போடக் கூடாது என்று அன்றே வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன்.

நீர் தெளிவாக இருந்தால் போதும் என்று பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவில் கண்ணுக்கு எந்த நிறமும் தெரியாது. டைகுரோமேட்டை மட்டும் மாணவர் கையில் கொடுக்காதீர்கள். அதற்கு வண்ணப்படம் போதும்.